பத்துப் பொருத்தமும் இல்லாத பிள்ளை: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை காலையில் தமிழ்த் துணைப்பாட வகுப்பு நடக்கும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடு என்பதால் ஒரு நேரத்தில் மூன்று பிள்ளைகள்தான். அவர்கள் உள்ளே கட்டுரை எழுதிக்கொண்டிருக்க, பெற்றோர் தாழ்வாரத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். மதிப்பெண்ணில் தொடங்கும் பேச்சு ஐந்து நிமிடத்தில் வேறு எங்கோ போய்விடும். "சார், இவன் எங்க ரெண்டு பேர் மாதிரியும் இல்லையே, யாரைக் கொண்டு பொறந்திருக்கான்?"

நான் மருத்துவரும் இல்லை, உளவியலாளரும் இல்லை. தமிழ் சொல்லிக்கொடுப்பவன், ஆண்டுக்கு நான்கைந்து பட்டிமன்றம் பேசுகிறவன். மகள் என்னைப் போலவே வாயாடி. மகன் ஒரு நாளில் பேசும் சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கீழே உள்ள கேள்விகளைக் கேட்டவர் யாரென்று தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். பதில்களில் பாதி படித்தது, மீதி பட்டுத் தெரிந்துகொண்டது.

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்றுதானே சொல்வார்கள்? எங்கள் பிள்ளை மட்டும் ஏன் இப்படி?

நெசவாளியிடம் கேட்டால் வேறு கதை சொல்வார். அதே நூல்தான், சாயமும் ஊடையும் மாறினால் சேலை மாறிவிடும். பிள்ளைக்குப் பாதி மரபணு அம்மாவிடமிருந்தும் பாதி அப்பாவிடமிருந்தும் வருகிறது. எந்தப் பாதி என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர் கிழக்கும் மேற்குமாக இருப்பது அதனால்தான். இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகள் பலவும், மனிதருக்கு மனிதர் குணம் மாறுவதில் ஏறக்குறையப் பாதி மரபணுவைச் சார்ந்தது என்கின்றன. மீதிப் பாதியிலும், ஒரே வீட்டில் வளர்ந்ததன் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவாம். வளர்ப்பு, வளர்ப்பு என்று மார்தட்டுகிற நமக்கு இது கொஞ்சம் கசக்கும்.

சில வேறுபாடுகள் குணத்தோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் காது கேளாத பிள்ளைகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரின் பெற்றோர் காது கேட்பவர்கள். கைகால் குட்டையாக வளரும் அகோண்ட்ரோபிளேசியா என்ற நிலையோடு பிறப்பவர்களில் ஐந்தில் நான்கு பேரின் பெற்றோர் சராசரி உயரம் உள்ளவர்கள். மரபணுவில் புதிதாக நேர்ந்த ஒரு மாற்றம்தான் காரணம். காது கேளாத பிள்ளைகளுக்கு நம் சாப்பாடும் சாமியும் வீட்டிலேயே கிடைத்துவிடும். சைகைமொழி கிடைக்காது. அதற்கு வெளியே போக வேண்டும். கூடவே பெற்றோரும் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும். ஆங் மோ கியோவில் உள்ள மேஃபிளவர் தொடக்கப்பள்ளியில் 2018 முதல் காது கேளாத பிள்ளைகளும் மற்றவர்களும் ஒன்றாகப் படிக்கிறார்கள்.

நாங்கள் ஏதோ தவறு செய்துவிட்டோமா?

இந்தக் கேள்வியை அம்மாக்கள்தான் கேட்கிறார்கள். அப்பாக்கள் "எல்லாம் அவ குடுக்கிற செல்லம் சார்" என்று நழுவிவிடுவார்கள்.

தாயின் தலையில் பழி போடுவது நம்மிடம் மட்டும் உள்ள பழக்கம் இல்லை. 1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் ஆட்டிசத்தைப் பற்றி விரிவாக எழுதினார். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு, தாயிடம் பாசம் இல்லாததால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று அமெரிக்காவில் படித்த மேதைகளே நம்பினார்கள். 'குளிர்பதனப் பெட்டித் தாய்' என்று பெயர்கூட வைத்தார்கள். 1964இல் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், இது மூளை வளர்ச்சி சார்ந்த விஷயம் என்று வாதாடி அதை உடைத்தார். அவருடைய மகனுக்கே ஆட்டிசம். அப்புறம் பழி தடுப்பூசியின் மேல் விழுந்தது. அதைக் கிளப்பிவிட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. எழுதியவர் பிரிட்டனில் மருத்துவத் தொழில் செய்யும் உரிமையை இழந்தார். நம் வாட்ஸ்அப் குழுக்களில் மட்டும் அந்தக் கட்டுரை இன்னும் சாகவில்லை.

கிரகணத்தன்று வெளியே போனதும் காரணம் இல்லை, கர்ப்பத்தில் அழுததும் காரணம் இல்லை. தவறு செய்ய நமக்கு வாய்ப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. அதெல்லாம் பிள்ளை பிறந்த பிறகு ஆரம்பிக்கிறது.

பொருத்தம், பொருத்தம் என்று அடிக்கடி சொல்கிறீர்களே, அது என்ன?

பத்துப் பொருத்தம் பார்த்துத்தான் கல்யாணம் செய்கிறோம். பெற்ற பிள்ளைக்கும் நமக்கும் பொருத்தம் எப்படி என்று யாரும் பார்ப்பதில்லை. அது தானாக அமையும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற இரு மனநல மருத்துவர்கள், கணவன் மனைவி, 1956இல் நியூயார்க்கில் ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கினார்கள். 133 குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பெரியவர்களாகும்வரை கவனித்தார்கள். துறுதுறுப்பு, புதியதைக் கண்டால் நெருங்குவதா பின்வாங்குவதா, எதையும் எவ்வளவு தீவிரமாக உணர்வது என்று ஒன்பது குணக்கூறுகளைப் பார்த்தார்கள். ஏறக்குறைய 40 விழுக்காட்டுக் குழந்தைகள் எளிதில் பழகுபவர்கள், 10 விழுக்காட்டினர் கையாளக் கடினமானவர்கள், 15 விழுக்காட்டினர் மெல்ல மெல்லப் பழகுபவர்கள். மீதிப் பேர் எந்த வகையிலும் அடங்காத கலவை.

எனக்கு அந்த வகைகளைவிட அவர்கள் வந்து சேர்ந்த இடம்தான் முக்கியமாகப் பட்டது. எந்தக் குணமும் தன்னளவில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அந்தக் குணத்துக்கும் அதைச் சுற்றியுள்ள வீட்டுக்கும் பொருந்திப்போகிறதா என்பதுதான் பிள்ளை எப்படி வளரும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ஓயாமல் ஓடும் பையன் கிராமத்தில் தாத்தாவின் தோப்பில் 'சுறுசுறுப்பான பையன்'. அதே பையன் மூன்றறை வீட்டில், கீழ்வீட்டுக்காரர் துடைப்பத்தால் கூரையைத் தட்டும்போது 'அடங்காப்பிடாரி'. பையன் மாறவில்லை.

பிள்ளையின் குணத்தை மாற்றுவது மலையைப் புரட்டுகிற வேலை. வீட்டை ஓரளவு மாற்றலாம்.

கல்யாண வீட்டில் யாருக்கும் வணக்கம் சொல்ல மாட்டேன் என்கிறான். சொந்தக்காரர் முன்னால் மானம் போகிறது. என்ன செய்வது?

இதற்கு என் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

மகனுக்கு அப்போது ஏழு வயது. சொந்தத்தில் ஒரு கல்யாணம். கோவில் மண்டபத்தில் நானூறு பேர். ஒலிபெருக்கி என் கையில். கூட்டம் சிரிக்கிறது, எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இப்போது என் மகன் மணமக்களை வாழ்த்தி நான்கு வரி சொல்வான்" என்று அறிவித்துவிட்டேன். வீட்டில் அந்த நான்கு வரியை அவன் தடுமாறாமல் சொல்லியிருந்தான். மேடையில் ஏற்றி நிறுத்தினேன். வாய் திறக்கவில்லை. "சொல்லுப்பா" என்றேன், ஒலிபெருக்கியிலேயே. கூட்டத்தில் யாரோ கைதட்டி உற்சாகப்படுத்தினார்கள். அவன் கால்சட்டை நனைந்தது.

அன்றிரவு நான் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. "ஏன்டா என் மானத்தை வாங்கினாய்" என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்க எனக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. கேட்டபோது அவன், "எனக்கு ஞாபகம் இல்லை" என்றான். ஞாபகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

பிறகு என் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். கல்யாணத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுவோம். கூட்டம் சேர்வதற்குள் மண்டபம் அவனுக்குப் பழகிவிடும். வாசலில் சந்தனம், கற்கண்டுத் தட்டோடு நிற்கும் வேலையைக் கேட்டு வாங்கிக் கொடுப்பாள். அங்கே பேச வேண்டியதில்லை. தட்டை நீட்டினால் போதும். வாயால் வணக்கம் சொல்லாவிட்டால் பரவாயில்லை, கைகூப்பினால் சரி என்று ஒரு விதி. மரியாதை வேண்டும், அது என் பாணியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. "பையன் எவ்வளவு பொறுப்பு" என்று அதே அத்தைகள் சொன்னார்கள். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

இது குணமா, உதவி தேவைப்படும் குறைபாடா என்று எப்படித் தெரியும்?

தாழ்வாரத்தில் நின்று என்னால் சொல்ல முடியாது. யாராலும் முடியாது. பிள்ளை பிறந்தபோது கொடுக்கும் உடல்நலப் பதிவேட்டில் எந்த வயதில் என்ன செய்ய வேண்டும் என்று இருக்கிறது. தடுப்பூசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்கிறோம். பேச்சு தள்ளிப்போனால், கூப்பிட்டால் திரும்பாவிட்டால், இருந்த பேச்சு குறைந்துபோனால் "ஆம்பளைப் பிள்ளை, மெதுவாத்தான் பேசும்" என்று காத்திருக்காதீர்கள். பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ சொன்னால் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 'ஈப்பிக்' என்று பெற்றோர் சொல்லும் ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டம் உண்டு. அரசாங்கம் கட்டணத்தில் ஒரு பங்கை ஏற்கிறது.

பள்ளி வயதில் எழுத்துகள் குழம்பினால், வாய்வழியாக நன்றாகச் சொல்பவன் தாளில் தடுமாறினால், பள்ளியில் உள்ள சிறப்புக் கல்வித் தேவை அதிகாரியைக் கேளுங்கள். 1991 முதல் இயங்கும் சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கமும் இருக்கிறது. என்னிடம் வந்த ஒரு பையன் 'ள', 'ல', 'ழ' மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுவான். சோம்பேறி என்று இரண்டு ஆண்டுகள் நினைத்தவர்களில் நானும் ஒருவன்.

என் மகனையும் பரிசோதித்தோம். ஒன்றும் இல்லை என்றார்கள். அதிகம் பேசாத பையன், அவ்வளவுதான். அதை ஏற்றுக்கொள்வது எனக்கு ஒரு நோயின் பெயரை ஏற்றுக்கொள்வதைவிடக் கடினமாக இருந்தது.

பரிசோதனைக்குப் போனால் பிள்ளைமேல் முத்திரை விழுந்துவிடுமே?

முத்திரை ஏற்கெனவே விழுந்துவிட்டது. 'மக்கு', 'திமிர்', 'பிடிவாதம்' என்று. மருத்துவர் தரும் பெயரோடு தேர்வில் கூடுதல் நேரம் கேட்கவாவது முடியும்.

மகனுக்கு ஆட்டிசம். அவனுக்கு எங்கள் மனது புரியவே புரியாதா?

டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012இல் ஒரு கேள்வியைத் திருப்பிப் போட்டார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் மனது புரியவில்லை என்கிறோம். மற்றவர்களுக்கு அவர் மனது புரிகிறதா? புரியாமை இரண்டு பக்கமும் இருக்கும்போது குறையை ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுவது என்ன நியாயம்?

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா. மகன் தினமும் ஒரே எம்ஆர்டி ரயில் நிலையங்களின் பெயரை வரிசையாகச் சொல்வான். ஜூரோங் ஈஸ்ட், புக்கிட் பாத்தோக், புக்கிட் கோம்பாக், சுவா சூ காங். நிறுத்தச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவர், ஒருநாள் வேண்டுமென்றே ஒரு நிலையத்தை விட்டுவிட்டுச் சொன்னார். பையன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துத் திருத்தினான். அவ்வளவு நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவையாம். இப்போது அவருக்கு எல்லாத் தடமும் மனப்பாடம்.

ஆங்கிலத்திலேயே பேசுகிறாள். தமிழ் பேசு என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எங்கள் பிள்ளை என்றே தோன்றவில்லை.

இதில் நான் நடுநிலையானவன் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 32.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசியது ஆங்கிலம். 2020இல் அது 48.3 விழுக்காடு. தமிழ் 3.3இலிருந்து 2.5க்கு இறங்கியது. உங்கள் மகள் தனியாக உங்களுக்கு எதிராகக் கிளம்பவில்லை, ஊரோடு ஒத்துப்போகிறாள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இது கூடுதலாக வலிக்கும். அவர்கள் ஊரில் தமிழ் கேட்காமலே கிடைத்தது. இங்கே அது பாடப்புத்தகத்தோடு, வீட்டுப்பாடத்தோடு, 'தமிழில் எத்தனை மார்க்' என்ற கேள்வியோடு வருகிறது. அப்படி வரும் ஒன்றின்மேல் யாருக்கு ஆசை வரும்?

கதை கேட்க, சண்டைபோட, சமையல் சொல்லிக்கொடுக்கத் தமிழைப் பயன்படுத்துங்கள். திருத்துவதைக் குறையுங்கள். அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் நீங்கள் தமிழிலேயே தொடருங்கள். கேட்டுப் புரிந்துகொள்ளும் மொழி பின்னால் வாய்க்கு வரும். பாடம் உண்மையிலேயே எட்டாவிட்டால் தொடக்கநிலை 5, 6இல் அடிப்படைத் தமிழ் உண்டு, உயர்நிலையில் தமிழ் 'பி' பாடம் உண்டு. அதை எடுப்பது அவமானம் இல்லை. தமிழாசிரியன் சொல்கிறேன்.

ஆட்டிசம் அல்லது பேச்சுத் தாமதம் உள்ள பிள்ளைக்கு 'ஒரே மொழி போதும், குழப்பாதீர்கள்' என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் அந்தப் பிள்ளைகளின் பேச்சு கெடுகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்றால், தமிழை எடுத்துவிடுவது பாட்டியை எடுத்துவிடுவதுதான்.

நாங்கள் இருவரும் பொறியாளர்கள். மகன் சமையல் படிக்கப் போகிறேன் என்கிறான். எப்படிச் சம்மதிப்பது?

உங்களுக்குத் தெரிந்த ஒரே ஏணியில் ஏறி நீங்கள் மேலே வந்தீர்கள். அதனால் பிள்ளை வேறு ஏணியைக் கேட்டால் பள்ளத்தைக் கேட்பதுபோல இருக்கிறது. பயம் புரிகிறது.

ஆனால் உங்கள் மனத்தில் இருக்கும் படம் பழையது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில் 2021 முதல் பழைய மொத்த மதிப்பெண் முறை இல்லை. நான்கு பாடங்களுக்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலை, கூட்டினால் 4 முதல் 32 வரை. விரைவுநிலை, வழக்கநிலை என்று பிள்ளைகளைப் பிரித்த பிரிவுகள் 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் முதல் இல்லை. இப்போது ஒரே பிள்ளை கணிதத்தை ஒரு நிலையிலும் மொழியை இன்னொரு நிலையிலும் படிக்கலாம். 2027 முதல் எல்லாருக்கும் ஒரே சான்றிதழ்த் தேர்வு. சுவா சூ காங்கில் உள்ள தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் (ஐடிஇ) மேற்குக் கல்லூரியில் சமையல்கலை முறையாகவே கற்றுத் தருகிறார்கள்.

சம்மதிப்பதற்குமுன் ஒன்று செய்யுங்கள். பள்ளி விடுமுறையில் அவனைத் தெரிந்தவர் உணவகத்தில் வேலைக்கு அனுப்புங்கள். காலை ஆறு மணிக்கு வெங்காயம் உரிக்கட்டும். இரண்டு வாரம் கழித்தும் ஆசை இருந்தால் அது ஆசைதான். இல்லாவிட்டால் நீங்கள் சண்டை போடாமலே விஷயம் முடிந்தது.

நாங்கள் அதிகம் படிக்காதவர்கள். மகள் ரொம்பக் கெட்டிக்காரி. அவள் பேசுவது எங்களுக்குப் புரியவில்லை. இதுவும் ஒரு பிரச்சினையா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் கப்பல் பட்டறையில் வேலை பார்ப்பவர். பெருமையும் வெட்கமும் சேர்ந்த குரலில் கேட்டார். பிரச்சினைதான், இனிப்பான பிரச்சினை. யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் புகார் சொன்னால் ஊர் சிரிக்கும்.

1984இல் தொடங்கிய மீத்திறனாளர் திட்டத்தில், தொடக்கநிலை 3இல் தேர்வு வைத்துச் சில பிள்ளைகளை ஒருசில பள்ளிகளுக்கு மாற்றி வந்தார்கள். பிரதமர் லாரன்ஸ் வோங் 2024 தேசிய தினப் பேரணியில் அந்த முறையை மாற்றப்போவதாக அறிவித்தார்; இனி இப்படிப்பட்ட பிள்ளைகள் தங்கள் பள்ளியிலேயே இருந்து கூடுதல் வாய்ப்புகளைப் பெறலாம். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவிலும் கேட்டுப் பாருங்கள். பீட்டி சாலையில் இருக்கிறது.

அவரிடம் நான் சொன்னது இதுதான். மகள் சொல்வது புரிந்ததாகத் தலையாட்டாதீர்கள். "எனக்குப் புரியலம்மா, என் மாதிரி ஆளுக்கு விளங்குற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். அவள் கருந்துளையைப் பற்றிச் சொல்ல இவர் கப்பலின் அடிப்பாகத்தை உலர்துறையில் எப்படி ஏற்றுவது என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் இரவு பதினொரு மணிவரை பேசியிருக்கிறார்கள். மறுநாள் வீட்டுப்பாடம் முடிக்கவில்லை என்று பள்ளியிலிருந்து குறிப்பு.

"இரண்டு போடு, சரியாகிவிடும்" என்கிறார் மாமியார்.

மளிகைக்கடையில் பிரம்பு வாங்குவது சுலபம். இடக்கைக்காரனை அடித்து வலக்கைக்கு மாற்றிய தலைமுறை அது. பத்தில் ஒருவர் இடக்கைக்காரர் என்பது அவர்களுக்குத் தெரியாது. மாமியாரோடு வாதாடி ஜெயிக்க முடியாது. மருத்துவமனைச் சந்திப்புக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வெள்ளைச் சட்டைக்காரர் சொன்னால் கேட்பார். அங்கே மற்றப் பாட்டிகளையும் பார்ப்பார். அது இன்னும் நல்லது.

நாங்கள் சைவம். மகன் கோப்பிக்கடையில் கோழிச்சோறு சாப்பிடுகிறான்.

சாப்பிடட்டும். வீட்டுப் பாத்திரத்தில் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. உண்மையைச் சொன்னதற்காகத் திட்டினால் அடுத்த தடவை கோழியும் இருக்கும், பொய்யும் இருக்கும்.

மகன் தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று சொல்லிவிட்டான். வீடே இடிந்துபோயிருக்கிறது.

முதலில், அவன் உங்களிடம் சொல்லியிருக்கிறான். எத்தனை இரவு ஒத்திகை பார்த்திருப்பான் என்று நினைத்துப் பாருங்கள். அந்த முதல் ஒரு மணி நேரத்தில் நீங்கள் பேசியதை அவன் எப்போதும் மறக்க மாட்டான். தப்பாக ஏதாவது சொல்லியிருந்தால் இன்றே திரும்பிப் போய் "அதிர்ச்சியில் பேசிவிட்டேன்" என்று சொல்லுங்கள். என்னைப் போல ஆறு ஆண்டு காக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பயப்படுகிறவர்களுக்கு: ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்க நாடாளுமன்றம் 2022 நவம்பரில் வாக்களித்தது, 2023 ஜனவரி 3 முதல் அந்தப் பிரிவு இல்லை. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே என்பது மாறவில்லை. மருந்து, பரிகாரம், கல்யாணம் செய்துவைத்தால் சரியாகும் என்பவை எதுவும் பயன்படாது. கடைசி யோசனை இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையையும் சேர்த்துக் கெடுக்கும். சொந்தக்காரர்களிடம் எப்போது, யாரிடம் சொல்வது என்பதை மகன் முடிவு செய்யட்டும். அது அவனுடைய செய்தி.

இன்னொரு பிள்ளை எங்களைப் போலவே இருக்கிறாள். அவளால் தொல்லையே இல்லை.

தொல்லை இல்லாத பிள்ளையைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். என் மகள் பதினான்கு வயதில் ஒருநாள் கேட்டாள்: "அப்பா, நானும் பேசாம இருந்தா என்னையும் கவனிப்பீங்களா?" அதன்பின் மாதத்தில் ஒரு ஞாயிறு அவளுக்கு மட்டும். தேக்காவில் அப்பம், அப்புறம் கால் போன போக்கில் நடை.

எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?

சிறப்புத் தேவையுள்ள பிள்ளையின் பெற்றோர் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி. பதில் பெரும்பாலும் தாள் வேலைதான், அதனால் சீக்கிரம் தொடங்குங்கள். பிள்ளைக்கு 21 வயது ஆனதும் பெற்றோர் என்ற காரணத்துக்காக மட்டும் அவனுக்காக முடிவெடுக்கும் சட்ட உரிமை உங்களுக்கு இருக்காது. மனத்திறன் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் விண்ணப்பித்துப் பிரதிநிதியாக நியமனம் பெற வேண்டும். சிறப்புப் பள்ளியில் படிக்கும்போதே இதற்கு உதவி கிடைக்கும். பணத்துக்கு, சிறப்புத் தேவை அறநிதி நிறுவனம் இருக்கிறது. லாபநோக்கு இல்லாதது, அரசாங்க ஆதரவு பெற்றது. உங்கள் மத்திய சேமநிதியை உங்களுக்குப் பிறகு பிள்ளைக்கு மாதாமாதம் போய்ச் சேரும்படி செய்யவும் ஒரு சேமிப்புத் திட்டம் உண்டு.

அக்காள் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டிருந்தால், அக்காளிடம் கேட்டீர்களா?

என் பிள்ளைமேல் பாசம் இருக்கிறது. ஆனால் அவனைப் பிடிக்கவில்லை. இப்படி நினைப்பது பாவமா?

ஒரு தாய் மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது இதைக் கேட்டார். மின்தூக்கி வந்தது, போனது, நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம்.

பாவம் இல்லை. பாசம் கேட்காமல் வரும். பிடித்துப்போவதற்குப் பழக்கம் வேண்டும். நம்மைப் போன்ற பிள்ளையை உடனே பிடித்துவிடுகிறது, ஏனென்றால் அங்கே நம்மையே பார்க்கிறோம். நம்மைப் போல இல்லாத பிள்ளையோடு, வேறு ஊர்க்காரரோடு பழகுவதுபோல, அவருடைய ஊரைப் பற்றிக் கேட்டுத்தான் பழக வேண்டும். அந்தத் தாயின் மகன் மணிக்கணக்காகக் கணினியில் விளையாடுகிறவன். "இருபது நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள், அறிவுரை சொல்லாதீர்கள்" என்றேன். மூன்றாம் நாள் அவன் தானாகவே விளக்கத் தொடங்கிவிட்டானாம். அவருக்கு விளையாட்டு இன்னும் பிடிக்கவில்லை. அவன் விளக்கும் விதம் பிடித்திருக்கிறது என்றார்.

அலுப்பு தாங்காமல் பிள்ளையையோ உங்களையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் அந்த நிமிடமே தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 1767ஐ அழையுங்கள், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். மனது சரியில்லை, யாரிடமாவது பேசினால் போதும் என்றால் மனநல உதவி எண்ணான 1771.

உங்கள் மகன் இப்போது என்ன செய்கிறான்?

தேசிய சேவையில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை இரவு வீட்டுக்கு வருவான், காலணியைக் கழற்றி நேராக வைப்பான், சாப்பிட உட்காருவான். முன்பெல்லாம் நான் கேள்விமேல் கேள்வி கேட்பேன். இப்போது எதிரில் உட்கார்ந்து நானும் சாப்பிடுகிறேன். போன வாரம் எண்ணினேன், மொத்தம் நான்கு வாக்கியம். அதில் ஒன்று, "அப்பா, நீங்க ஏன் பேசாம இருக்கீங்க?"